இருபது லீற்றரை எங்கே வைப்பது?

மணற்காட்டு மணல்மேடுகளுக்கும் சுண்டிக்குளத்துக்கும் ஜீப்பும் பிக்கப்பும் கொண்டு போவது இப்போது யாழ் குடாநாட்டில் வழக்கமாகிவிட்டது. விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் போகிறார்கள், கொழும்பிலிருந்து குழுக்கள் வருகின்றன, நம் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களில் போகிறார்கள். அந்த வாகனங்களைத் தயார்படுத்திக் கொடுப்பவர்கள் கராச்சுக்காரர்களான நாம். ரயர் பார்க்கிறோம், அதிர்வுதாங்கி பார்க்கிறோம், கொக்கியும் கயிறும் பொருத்துகிறோம். பின்னால் ஏற்றப்படும் எரிபொருள் கானை மட்டும் வாடிக்கையாளர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அந்த வண்டியில் மனிதரைக் கொல்லக்கூடிய முதற்பொருள் அதுதான். அதைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவது வேலையைப் பாதியில் விடுவதாகும்.

இதில் நமக்கு ஒரு தனி இடையூறு உண்டு. எரிபொருளை எதிலும் அடைத்து எப்படியும் கொண்டுபோகலாம் என்று நம் தொழில் ஒரு காலத்தில் கற்றுக்கொண்டது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய இல்லாமலே போனது. கராச்சுகளில் இருந்தவர்கள் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த வித்தையால் நோயாளிகள் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். துளிப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் சட்டைப்பைக்குள் வைத்துத் திரிந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கைத்திறனை இந்த இதழ் என்றும் மதிக்கும். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அது மறுபடியும் உயிர் பெற்றது. 2022இல் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, யூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோது, படுக்கையறைக்குள்ளும் சமையலறை மூலையிலும் கான்கள் ஏறின. அதையடுத்து வந்த கியூஆர் பங்கீடு 2023 செப்ரெம்பரில் முடிந்தது. கான் வைத்திருக்கும் பழக்கம் முடியவில்லை.

அன்று வேறு வழியில்லாமல் ஏற்ற ஆபத்தை இன்று உல்லாசப் பயணத்தில் ஏற்க எந்த நியாயமும் இல்லை. ஆகவே முதற் கேள்வி, கான் தேவையா என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை, மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி வழியாகச் சுண்டிக்குளம் போய்த் திரும்ப இருநூறு கிலோமீற்றருக்குள் அடங்கும். தார் வீதியில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் போகும் டீசல் பிக்கப் இளகிய மணலில் ஐந்துதான் போகும் என்று வைப்போம். முழுப் பயணமும் மணலிலேயே என்று கொண்டாலும் நாற்பது லீற்றர். அந்த வண்டியின் தாங்கி எழுபது, எண்பது லீற்றர் கொள்ளும். நெல்லியடியிலோ பருத்தித்துறையிலோ தாங்கியை நிரப்பிக்கொண்டு, மணல் தொடங்குமிடத்தில் ரயர்க் காற்றை 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் போதும். காற்று இறக்காத ரயர் மணலைத் தோண்டித் தோண்டிக் குடிக்கும் எரிபொருள், பலர் கானில் சுமக்கும் அளவுக்கு வரும். கான் கேட்டு வருபவரிடம் முதலில் காற்றழுத்தமானி இருக்கிறதா என்று கேளுங்கள்.

உண்மையில் தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். நாற்பது லீற்றர் அளவே கொள்ளும் பழைய வில்லிஸ் ஜீப், பத்துப் பன்னிரண்டு லீற்றர்த் தாங்கியுள்ள மோட்டார் சைக்கிள், வன்னிக்குள் இரண்டு மூன்று நாள் தங்கிப் போகும் குழு, நெடுந்தீவுக்கு வண்டி கொண்டு போய்ப் பல நாள் தங்குகிறவர். இவர்களுக்கு ஒரு கான் தேவை. அதைப் பற்றித்தான் இனி.

டீசலுக்கும் பெற்றோலுக்கும் ஒரே விதி பேசுவது தவறு. டீசல் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிட 52 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை அளவு. பெற்றோலுக்கோ சுழியத்துக்குக் கீழே 40 பாகை. நம் ஊரில் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும், திறந்த பெற்றோல் தீக்குத் தயாராகவே நிற்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே போய்க் கலையாது, தரையோடு ஊர்ந்து வண்டியின் அடித்தட்டில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி இருந்தாலே பற்றும். ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் பத்துக் கன மீற்றருக்கு மேலான காற்று வெடிகலவையாகலாம். ஒரு ஹையேஸ் வானின் உட்புறம் அதைவிடச் சிறியது. பின் இருக்கைக்குக் கீழே சாய்ந்து கசியும் ஒரு கோலாப் போத்தல் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கான் எது? தேங்காயெண்ணெய் வந்த வெள்ளைக் கான், எஞ்சின் ஒயில் வந்த நாலு லீற்றர்க் கலன், தண்ணீர்ப் போத்தல் எதுவும் ஆகாது. மெல்லிய பிளாஸ்ரிக் பெற்றோலில் ஊறித் தளரும், மூடியின் வளையம் வீங்கும், வெயிலில் பக்கங்கள் உப்பும். இந்தப் பாடத்தை ஒரு பெரும் படையே பட்டுத்தான் கற்றது. இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியர் நாலு கலன் மெல்லிய தகர டின்களில் பெற்றோல் கொண்டு போனார்கள். நம் பாட்டிமார் தண்ணீர் அள்ளிய மண்ணெண்ணெய்த் தகரத்தின் அதே வகை. பொருத்துகள் விட்டு ஒழுகி, தளத்திலிருந்து வண்டிக்குப் போய்ச் சேருமுன் 30 வீதம் வரை இழப்பு என்று அவர்களின் தளபதியே கணக்கிட்டார். எதிர்த்தரப்பிடமிருந்து கைப்பற்றிய கான்களை அவர்கள் பொன்னாகப் பேணினார்கள். 1937இல் ஜேர்மனியில் உருவான அந்த இருபது லீற்றர்க் கான் இரண்டு அச்சுத் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. திருகு மூடி இல்லை, நெம்பிப் பூட்டும் மூடி. ஊற்றும்போது காற்று உள்ளே போக ஒரு குழாய். மூன்று கைபிடிகள், அதனால் ஒருவரும் தூக்கலாம், இருவரும் பிடிக்கலாம். நிமிர்த்தி நிரப்பினாலும் மேலே ஒரு வெற்றிடம் மிஞ்சும். எண்பது வருடங்களுக்கு மேலாகியும் அதைவிட நல்ல வடிவத்தை எவரும் பெரிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வெற்றிடம் வீணான இடமல்ல. காலை 28 பாகையில் நிரப்பிய இருபது லீற்றர் பெற்றோல், நண்பகல் வெயிலில் 50 பாகை ஏறினால் சுமார் 400 மில்லிலீற்றர் விரிகிறது. வாய் முட்ட நிரப்பிய வேறு வடிவக் கானில் அதற்கு இடமில்லை. பத்தொன்பதோடு நிறுத்துங்கள். வாங்கும்போது அடியிலோ பக்கத்திலோ ஐ.நா. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 3ஏ1 என்றால் உருக்கு, 3எச்1 என்றால் பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் கானில் உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கும். ஆபத்தான பொருட்களை ஏற்றும் சர்வதேச விதிப்படி ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். நம் வெயிலுக்கு அதையும் குறைத்தே கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதில் குறையில்லாத இடம் ஒன்றுமில்லை. கூரையில் வைத்தால் ஆவி வெளியே போகும், ஆனால் இரண்டு நிறைந்த கான் நாற்பது கிலோ. மணல்மேட்டுச் சரிவில் அந்தப் பாரம் வண்டியைப் புரட்டப் பார்க்கும். பின்கதவில் தொங்கவிட்டால், பின்னால் வரும் பஸ் முதலில் முட்டுவது கானைத்தான். ஏ-9இல் அதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் அறைக்குள் வைப்பது எந்த நிலையிலும் கூடாது. பிக்கப் என்றால் திறந்த தட்டில், முன்பக்கத் தடுப்போடு ஒட்டி, கீழே, நிமிர்த்தி, இரும்புச் சட்டத்தில் பட்டியால் இறுக்கி, மேலே வெயில் மறைப்புப் போட்டு வைப்பதே எங்கள் தெரிவு. மூடிய ஜீப்புக்குப் பின்பம்பரின் ஒரு பக்கத்தில், புகைபோக்கிக்கு எதிர்ப்புறமாக வெல்டிங் பிடித்த சட்டம். இறப்பர்க் கயிறு போட்டுக் கட்டிக் கொடுக்காதீர்கள். செம்பியன்பற்றுப் பாதையின் குலுக்கலில் அது அரை மணித்தியாலம் தாங்காது.

நிரப்புவதிலும் ஒரு முறை உண்டு. கானை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். பிளாஸ்ரிக் விரித்த பிக்கப் தட்டில் வைத்து நிரப்பும்போது நிலைமின்னேற்றம் வடிந்துபோக வழியில்லாமல் பொறி பறக்கலாம். அமெரிக்காவில் இப்படி நேர்ந்த தீவிபத்துகளைப் பார்த்துத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1998இலேயே எச்சரித்தது. குழல்முனை கானின் வாயைத் தொட்டபடி, மெதுவாக. வழியில் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்தி, கான் சூடாயிருந்தால் நிழலில் சற்று ஆறவிட்டு, துணி போட்டு மூடியை மெல்ல நெகிழ்த்துங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று வரும் பக்கம் நின்று ஊற்றுங்கள். காய்ந்த பனையோலையும் நாணலும் உள்ள இடத்தைத் தவிருங்கள். இரண்டு கிலோ உலர் தூள் அணைப்பான் ஊற்றுபவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் நம் கராச்சுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மிடறு பெற்றோல் வயிற்றுக்குள் போவதைவிட, சில துளி சுவாசப்பைக்குள் போவது கொடியது. விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது, அப்போதுதான் அது சுவாசப்பைக்குள் இறங்கும். கைப்பம்பு மலிவான பொருள். ஒவ்வொரு கானோடும் ஒன்றைக் கொடுத்து விடுங்கள்.

ஒரு கானுக்கு ஒரே எண்ணெய் என்ற விதியைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கரையோரத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்கள் உள்ளன. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரே படகில் இரண்டு எண்ணெயும் இருக்கும், கான்கள் இடம் மாறும். பெற்றோல் சிறிதளவு கலந்தாலே மண்ணெண்ணெயின் தீப்பற்றும் நிலை அறை வெப்பத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கலவை வீட்டுக்குப் போய் விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றப்படும்போது எரிவது வண்டியோ படகோ அல்ல, வீட்டிலிருக்கும் பெண்ணும் பிள்ளையும். பெற்றோலுக்குச் சிவப்பு, மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள் என்று கானில் பெயின்ற் அடித்து, தமிழில் பெரிய எழுத்தில் பெயரும் எழுதிக் கொடுங்கள்.

வெறுங் கான் நிறைந்த கானைவிட ஆபத்தானது. நிறைந்த கானுக்குள் ஆவி மிகைப்பட்டிருப்பதால் உள்ளே தீப் பிடிப்பது அரிது. வெறுங் கானிலும் பரலிலும் காற்றும் ஆவியும் பற்றுவதற்கேற்ற அளவில் கலந்து நிற்கும். காலிப் பரலை வெட்டவோ ஓட்டைக் கானை ஒட்டவோ வெல்டிங்காரரிடம் கொடுப்பதை எல்லோரும் நிறுத்த வேண்டும். ஓட்டைக் கான் நசுக்கி எறிய வேண்டிய பொருள்.

நெடுந்தீவுக்குப் போகும் எரிபொருள் எல்லாம் கடல்வழியேதான் போக வேண்டும். குறிகட்டுவானில் பயணிகள் ஏறும் படகிலேயே கானையும் ஏற்றுவதை இந்த இதழ் எதிர்க்கிறது. சரக்குப் படகில், திறந்த தட்டில், ஆட்களிலிருந்து விலக்கி ஏற்றலாம். தீவைச் சுற்றிப் பார்க்கும் ஒரு நாளுக்குச் சில லீற்றரே போதும், கரையிலேயே தாங்கியை நிரப்பி வண்டியைக் கொண்டு போகிறவருக்குக் கானே வேண்டாம்.

எண்ணெய் முடிந்து நிற்பவருக்கும் ஒரு சொல். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பலகைகள் நின்ற நிலம் நமக்குத் தெரியும். உதவி தேடிக் குறுக்கே நடக்காமல், வந்த தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும் என்று வெளியூர்க் குழுக்களுக்கு வாயால் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, நம் கராச்சுகளில் பாகங்கள் கழுவவும், எண்ணெய் முடிந்து தள்ளிக்கொண்டு வருபவருக்குக் கொடுக்கவும் பெற்றோல் நிரம்பி நிற்கும் போத்தல்கள். இந்த மாதமே அவற்றை அகற்றும்படி கேட்கிறோம். கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் மூடியுள்ள தட்டும் போதும். தள்ளிக்கொண்டு வருபவருக்கு, ஐந்து லீற்றர் உருக்குக் கான் ஒன்றைக் கராச்சின் பெயர் எழுதி, வெளியே நிழலில் கம்பிக் கூட்டுக்குள் பூட்டி வைத்து இரவலாகக் கொடுக்கலாம். பெற்றோல் செற் நடத்துபவர்களிடமும் இந்த இதழின் பிரதியைக் கொடுத்து, போத்தலில் ஊற்ற மறுக்கும்படியும், கானைத் தரையில் வைத்தே நிரப்பும்படியும் கேளுங்கள். வாடிக்கையாளர் கோபித்தால் எங்கள் பெயரைச் சொல்லலாம்.