அணைக் கணக்கில் நத்தையும் உண்டு



இயற்பியல் வகுப்பில் அணையைப் பற்றிய கணக்கு வந்தால் என்ன செய்கிறோம்? நீரின் உயரம் இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு, ஆகவே அடியில் அழுத்தம் இவ்வளவு என்று எழுதி, விடையின் கீழ்க் கோடு போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் கற்பித்து வருகிறேன். அந்த விடை சரியானதே; ஆனால் முழுமையானதன்று என்பது என் கருத்து. காரணம், ஒரு சிறு நத்தை!

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே 1986இல் தியாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. வறண்ட மாதங்களில் கடல்நீர் ஆற்றில் ஏறிவருவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நிறைவேறியது. நெல்லுக்கும் கரும்புக்கும் நன்னீர் கிடைத்தது. ஆனால் 1988இல், அக்கரையிலுள்ள ரிஷார் டோல் என்னும் கரும்பு நகரில் குடலைத் தாக்கும் பில்ஹார்சியா நோய் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் பெரும்பாலோரைப் பற்றிக்கொண்டது.

அணைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? இந்நோய்க்குக் காரணமான புழு மனிதனின் இரத்தக் குழாய்களில் வாழ்வது. 1851இல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் இவ்வினப் புழுவைக் கண்டறிந்தார். இதன் முட்டைகள் கழிவோடு வெளியேறி, நீரில் பொரிக்கின்றன. அப்போது வெளிவரும் இளம்புழுவால் மனிதனைத் தாக்க முடியாது. முதலில் அது நன்னீர் நத்தைக்குள் புகவேண்டும். அங்கே ஒன்று பல ஆயிரமாகப் பெருகி, மீண்டும் நீரில் இறங்குகிறது. பிறகு நீராடுவோரின் தோலைத் துளைத்துச் சில நிமிடங்களில் உள்ளே சென்றுவிடுகிறது. அந்நீரைக் குடிக்க வேண்டியதில்லை. காலை நனைத்தாலே போதும்!

உப்புநீரில் இந்த நத்தை செழிக்காது. அணை உப்பைத் தடுத்தது, நீர்ச்செடிகள் அடர்ந்தன, நத்தைகள் பெருகின. அதுமட்டுமா? நத்தையைத் தின்னும் ஆற்று இறாலின் குஞ்சுகள் வளரக் கழிமுகத்து உவர்நீர் வேண்டும். அந்த வழியையும் அணை அடைத்துவிட்டது.

மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பிராசிகுவாண்டல் நல்ல மருந்துதான், புழுவைக் கொல்லும். ஆனால் மருந்துண்ட சிறுவன் மறுநாள் அதே வாய்க்காலில் இறங்கினால் நோய் மீண்டும் தொற்றலாம். நத்தைக்கொல்லி தெளித்தாலோ மீன்களும் மடியும்.

வேறு வழி உண்டு. செனகலில் ஒரு சிற்றூரின் நீர்த்துறையில் இறால்களை மீண்டும் விட்டபோது, புழு தொற்றிய நத்தைகள் குறைந்தன; இது 2015இல் வெளியான ஆய்வு. துறைகளில் நீர்ச்செடிகளை அகற்றியபோது, சிறுவர்களுக்கு நோய் மீண்டும் தொற்றுவது குறைந்தது. இது 2023இல் வெளியானது. அகற்றிய செடி எருவாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்பட்டது.

அணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோற்றுக்கு நீர் வேண்டும். ஆனால் வரைபடம் போடும் மேசையில் பொறியாளருடன் விலங்கியலாரும் மருத்துவரும் அமர வேண்டும். கரையோர ஊர்களுக்குக் கழிப்பறையும் குழாய் நீரும் அணைச் செலவிலேயே சேர வேண்டும். செலவு கூடுமே என்பார்கள். 2021இல் உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இந்நோய்க்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. நோயுற்ற சிறுவன் பள்ளிக்கு வராத நாள்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். விடையின் கீழ்க் கோடு போடுமுன் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நீரில் இனி எவை வாழும்? அவற்றை எவை தின்னும்?