மின்னல் பேரிடர் இல்லையா?

மின்னல் தாக்குதலைத் தேசியப் பேரிடர் பட்டியலில் சேர்க்க முடியாது என்று 2023-ல் டெல்லி அதிகாரிகள் சொன்ன காரணத்தை இன்றும் ஏற்க முடியவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினாலே இந்த உயிரிழப்புகளைத் தவிர்த்துவிடலாம் என்றார்கள். பீகாரும் மேற்கு வங்கமும் வற்புறுத்திக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இதுதான்.

2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோள வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி மாண்டார்கள். அவர்களுக்கு எந்த விழிப்புணர்வு இல்லாமல் போயிற்று? இடி கேட்டதுமே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரமாவது வெளியே வரக் கூடாது. சரி, அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது? நாற்று நடுபவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமப்பவருக்கும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனையும் வேம்பும்தான். ஓலைக் கொட்டகை மின்னலைத் தடுக்காது. எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது என்கிறார்கள். கைப்பேசியை வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் குனிந்து நிற்பவருக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? சேர்ந்தாலும், பாதி நாள் கூலியை இழந்து கரையேற யாரால் முடியும்?

ஆலங்கட்டி மழை பட்டியலில் இருக்கிறது. உறைபனி இருக்கிறது. பூச்சித் தாக்குதல்கூட இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் 2,887 பேரைக் கொன்ற மின்னலுக்கு இடமில்லை. அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களுக்குப் பலியானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இவர்கள்தான். பட்டியலில் இல்லாததால், மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதத்துக்குள்தான் இதற்கும் மற்ற உள்ளூர்ப் பேரிடர்களுக்கும் பணம் எடுக்க முடியும்.

தவிர்க்கக்கூடிய சாவு பேரிடர் ஆகாது என்றால் புயல் எப்படிப் பட்டியலுக்குள் வந்தது? ஒடிசாவில் 1999 புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2013-ல் வந்த பைலின் புயலில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. சுவரொட்டி ஒட்டியதால் வந்த மாற்றமல்ல இது. பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள், லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குப் பணம் செலவிட்டார்கள்.

டெல்லி அதிகாரிகள் கைவிரிப்பது புதிதுமல்ல. வெப்ப அலையையும் இதேபோல் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 2018-ல் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது தமிழகம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடிக்கு. நிவாரணம் கேட்டால் விதியைக் காட்டுகிறார்கள். விதியைத் திருத்தக் கேட்டால் மக்களின் அறியாமையைக் காட்டுகிறார்கள். செத்தவர் மீதே பழியைப் போட்டுவிட்டுக் கோப்பை மூடுவது நிர்வாகம் அல்ல, வெட்கக்கேடு.

பட்டியலைத் திருத்த வேண்டும். வயல்வெளியில் உழைப்பவர்கள் ஓடி ஒதுங்க ஏதாவதொரு பாதுகாப்பான இடம் வேண்டும். எந்தத் திட்டத்தில், யார் பணத்தில் என்பதை மத்திய, மாநில அரசுகள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அடுத்த கோடை மழைக்குள் வேலை தொடங்கியாக வேண்டும்.