மண்ணுள் நோக்கும் கண்

வேரை அறிய விழைந்தோர் முன்பு செடியை அகழ்ந்து, மண்ணைக் கழுவியே கண்டனர். 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டிட்மர், நான்கு திங்கள் வளர்ந்த ரை என்னும் தானியச் செடியொன்றின் வேர்களை அவ்வாறே கணக்கிட்டார். மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர்! வியப்பே, ஆயினும் கணக்கு முடிந்தபோது செடி உயிருடன் இல்லை. மறுநாள் அவ்வேர் எத்திசை சென்றிருக்கும் என்று எவரைக் கேட்பது?

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில், மண்தொட்டியை எக்ஸ் கதிர்முன் சுழற்றிப் படம் எடுக்கின்றனர். கணிப்பொறி அப்படங்களை இணைத்து வேரின் முழு உருவைக் காட்டுகிறது. அதே செடியை அடுத்த வாரமும் காணலாம். இம்முறையே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வேரும் நீரும் அக்கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால், நீர் நின்ற நுண்துளையைக் கணிப்பொறி வேரென்று மயங்கக்கூடும். மெல்லிய வேர்களைத் தவறவிடவும் கூடும். ஆதலின் சில செடிகளையேனும் இறுதியில் அகழ்ந்து, கழுவிய வேரோடு படத்தை ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.