‘விமானம் ரத்து’ என்று மெசேஜ் வந்தால் கோபப்படாதீங்க!

எங்கள் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனிக்குள் லாரி நுழைய வேண்டும் என்றால், கேட்டில் வாட்ச்மேன் நிறுத்துவார். எங்கிருந்து வருது, என்ன லோடு என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார். வானத்திலும் இப்படி ஒரு கேட் உண்டு. அதற்குப் பெயர் வான் பாதுகாப்பு அடையாள மண்டலம்.

நம் நாட்டில் இந்த மண்டலத்தில் பறக்கும் விமானம், கிளம்பும் முன்பே ‘ஏ.டி.சி நம்பர்’ என்ற அனுமதி எண்ணை வாங்க வேண்டும். மேலே போன பிறகு, விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி ‘நான் இன்னார்’ என்று ரேடாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன பாதையில் போனால் சிக்கல் இல்லை.

பாதை மாறினால்? 1983 செப்டம்பர் 1-ல், நியூயார்க்கில் இருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போன கொரிய விமானம், வழி தவறி சோவியத் வான் எல்லைக்குள் நுழைந்தது. உளவு விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், ஜி.பி.எஸ் வசதியைப் பயணிகள் விமானங்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. இன்று உங்கள் போனில் வழி காட்டுவதும் அதே ஜி.பி.எஸ்தான்.

ஆனால், சண்டை நேரத்தில் சரியான பாதையில் போனாலும் ஆபத்துதான். 2020 ஜனவரி 8-ல், ஈராக்கில் உள்ள அமெரிக்கத் தளங்கள் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. சில மணி நேரத்தில் டெஹ்ரானில் இருந்து ஓர் உக்ரைன் விமானம் கிளம்பியது. வான்வெளியை மூடவில்லை. எதிரியின் ஏவுகணை என்று நினைத்து ஈரான் படையே அதைச் சுட்டது. 176 பேரும் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 27-ல் காஷ்மீரின் பட்காமில், நம் விமானப்படை ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. அதில் இருந்த 6 வீரர்களும், தரையில் ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு நடந்துவிட்டது என்று அப்போதைய தளபதி பதவுரியாவே ஒப்புக்கொண்டார்.

சொந்த ஹெலிகாப்டரையே அடையாளம் தெரியாத நேரத்தில், பயணிகள் விமானம் மேலே இருக்கலாமா? 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் வந்தபோது, வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்களை மூடினார்கள். மே 12-ல் திறந்தார்கள். எத்தனையோ பயணம் தள்ளிப்போனது. ஆனால், அதுதான் சரியான முடிவு.

அடுத்த முறை இப்படி மெசேஜ் வந்தால், கவுன்ட்டரில் இருப்பவரிடம் சண்டை போடாதீர்கள். பணம் திரும்ப வேண்டுமா, வேறு விமானம் வேண்டுமா என்று முடிவு செய்து கேளுங்கள். இரண்டு நாள் தாமதமானாலும், பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்வதுதானே முக்கியம்?