டெங்கு: 2 மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கை சாத்தியம்; புனே ஆய்வு உணர்த்துவது என்ன?

புனே: காய்ச்சல் பரவிய பிறகு கொசு மருந்து அடிப்பதும் மருத்துவ முகாம்கள் நடத்துவதும் இந்திய நகரங்களில் வழக்கமாகிவிட்டன. ஆனால், டெங்கு பாதிப்பை 2 மாதங்களுக்கு முன்பே கணிக்க இயலும் என்பதை புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு காட்டியுள்ளது.

சோபியா யாக்கோப், ராக்ஸி மேத்யூ கோல் உள்ளிட்டோரின் இந்த ஆய்வு, 2025 ஜனவரியில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியானது. சராசரி வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸைக் கடப்பது, ஈரப்பதம் 60 முதல் 78 சதவீதம் வரை இருப்பது, மிதமான மழை பரவலாகப் பெய்வது ஆகிய மூன்றும் சேரும்போது புனேயில் டெங்கு உயிரிழப்புகள் அதிகரிப்பதாக அதில் தெரிவிக்கப்பட்டுள்ளது.

வெப்பம் உயரும்போது கொசுவின் உடலில் வைரஸ் விரைவாகப் பெருகுகிறது. மழையின் பங்கு சற்று மாறுபட்டது. வாரத்துக்கு 150 மி.மீ.க்கு மேல் கொட்டும் கனமழை, கொசு முட்டைகளையும் புழுக்களையும் அடித்துச் சென்றுவிடுகிறது. விட்டுவிட்டுப் பெய்யும் மிதமான மழையோ தொட்டிகளிலும் பழைய டயர்களிலும் தேங்கி, கொசுக்கள் பெருக வழிவகுக்கிறது. எனவே, வெள்ளம் ஏற்படாத ஆண்டைப் பாதுகாப்பான ஆண்டாகக் கருத இயலாது.

வெப்பமயமாதல் தொடர்ந்தால், புனேயில் டெங்கு உயிரிழப்புகள் 2050-ஆம் ஆண்டு வாக்கில் 23 முதல் 40 சதவீதம் வரை உயரக்கூடும் என ஆய்வு கணித்துள்ளது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுவே, 2024-இல் அந்நகரில் ஜிகா பாதிப்பு ஏற்படவும் காரணமாக இருந்தது. அதைத் தொடர்ந்து, கர்ப்பிணிகளைக் கண்காணிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

டெங்குவுக்கெனத் தனி மருந்து இல்லாத நிலையில், முன்கூட்டியே கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் முக்கியமானது. தேங்கிய நீரை அகற்றவும், மருத்துவமனைகளில் படுக்கைகளையும் ரத்தக் கூறுகளையும் தயார்நிலையில் வைக்கவும் அந்த அவகாசம் உதவும்.

எனினும், புனேக்கான கணக்கீட்டை வேறு நகரங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. சென்னைக்கு அதிக மழையைத் தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. புனேக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணிப்பு தேவை. வானிலைத் தரவுகள் ஏற்கெனவே உள்ளன. மாவட்ட வாரியான நோய்ப் பாதிப்புத் தரவுகளைச் சுகாதாரத் துறைகள் ஆய்வாளர்களுடன் பகிர்ந்தால் மட்டுமே, இந்த முன்னெச்சரிக்கை மக்களை உரிய நேரத்தில் சென்றடையும்.