ஓப் பண்ணி ஓன் பண்ணுங்க

"சேர், ரவுட்டரை ஒருக்கா ஓப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க."

இந்நாட்டின் கிராமங்களில் வீட்டு இணைய இணைப்பு வைத்திருக்கும் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடந்திருக்க முடியாது. நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டு இணைப்பை வழங்கும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றைய நிறுவனங்கள் நல்லவை என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடும்.

அந்த ஆலோசனை முழுப் பொய்யன்று. ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது அதன் நினைவகம் வெறுமையாகிறது. அது கோபுரத்துடன் புதிதாகக் கைகுலுக்குகிறது. சிலவேளை நெரிசல் குறைந்த வேறோர் அலைவரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சற்று நேரம் சீராக ஓடும். பின்னர் பழைய குருடி கதவைத் திறடி. ஆனால் அந்தச் சற்று நேரம் நிறுவனத்துக்குப் போதுமானது. முறைப்பாடு "தீர்க்கப்பட்டது" எனக் கணினியில் பதியப்பட்டுவிடும். என் சண்டை அந்தப் பதிவோடுதான். பழுது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பாகவே அது வாடிக்கையாளரின் வீட்டுக்குள் இருக்கிறது எனத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. தொலைபேசியின் மறுமுனையில் பேசும் பிள்ளையை நான் குறைகூறவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததை வாசிப்பவர். எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிறு விளக்கம். கலைப்பட்டதாரியான எனக்கே இது விளங்கியதென்றால் எவருக்கும் விளங்கும்.

தோப்பூர், மூதூர், சேருவில போன்ற இடங்களில், கண்ணாடியிழைக் கம்பி வந்து சேராத ஒழுங்கைகளில், வீட்டு இணையம் என்பது சிம் அட்டை போட்ட ஒரு 4ஜி ரவுட்டர்தான். அப்படியானால் உங்கள் பிள்ளையின் டெப்புக்கு இணையம் வந்துசேர இரண்டு பாய்ச்சல்கள் இருக்கின்றன. கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு ஒன்று. ரவுட்டரிலிருந்து டெப்புக்கு மற்றொன்று. டெப்பின் மேல்மூலையில் விசிறிபோல் விரிந்து நிற்கும் அந்த அடையாளம் இரண்டாவது பாய்ச்சலை மட்டுமே காட்டுகிறது. கோபுரமே சரிந்து விழுந்தாலும் அந்த விசிறி முழுமையாக விரிந்தே நிற்கும். "வைஃபை ஃபுல்லாகக் காட்டுது, ஆனா ஒண்டும் திறக்குதில்ல" என்று பிள்ளைகள் முறையிடுவது இதனால்தான். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க எந்த நிறுவனமும் ஒரு துண்டுப்பிரசுரம்கூட எங்கள் ஊரில் விநியோகித்ததை நான் காணவில்லை. குழப்பம் நீடிப்பதில் யாருக்கு இலாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பாய்ச்சலில் நம்மவர்களின் குற்றங்கள் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ரவுட்டரை ஷோகேஸுக்குள் பிங்கான் கோப்பைகளின் நடுவே வைத்து, தூசி படாதிருக்க மேலே பின்னல் துணியும் போர்த்தி அழகு பார்க்கும் வீடுகளை அறிவேன். தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே ஆணியில் தொங்கவிட்டு நண்பகல் வெப்பத்தில் அதை அவிப்பவர்களும் உண்டு. கொங்கிறீற்றுச் சுவரும் தண்ணீர்த் தாங்கியும் இரும்பு அலுமாரியும் அலைகளை விழுங்குபவை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அயல்வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே தெருவில்தான் நடமாடுகின்றன. அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. நெருக்கமான வீடுகளில் எல்லோரும் ஒரே தடத்தில் நின்றால் எல்லோருக்கும் கேடு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களுக்கு அப்பால் களைத்துப்போகும். மலிவான பல டெப்கள் அதை அறியவே மாட்டா.

டெப்பிலும் சில சில்லறை வியாதிகள் உண்டு. மின்கலம் முற்றாக வடிந்து எழும்பும் பழைய டெப்பில் திகதி பின்னோக்கிப் போயிருக்கும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். வீட்டார் இணைப்பைத் திட்டுவார்கள். மின்சேமிப்பு முறை திரை அணைந்தவுடன் வைஃபையைத் துண்டிக்கும். சேமித்த இணைப்பை மறக்கச் செய்து கடவுச்சொல்லை மீளக் கொடுத்தால் பாதிச் சிக்கல்கள் தீரும். இவற்றையெல்லாம் பார்ப்பது நமது வேலை. ஏற்றுக்கொள்கிறேன்.

நிற்க. இவையெல்லாம் சரிசெய்யப்பட்ட வீட்டுக்கு என்ன பதில்?

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே வையுங்கள். டெப்பை அதன் பக்கத்திலேயே, ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். இப்போது இரண்டாவது பாய்ச்சல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை டெப்பின் உலாவியில் தட்டினால் அதன் உட்பக்கம் திறக்கும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி என்றொரு எண் இருக்கும். கழித்தல் குறியோடு 80 அளவில் நின்றால் கோபுரம் நன்றாகக் கேட்கிறது; 110ஐத் தாண்டினால் முனகல்தான். அந்த எண்ணை அதிகாலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரங்களில் வேகத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரு வாரம் போதும்.

எங்கள் வீட்டில் நான் இதைச் செய்தேன். சிக்னல் எண் காலையும் இரவும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. காலையில் தடங்கலின்றி ஓடிய பாடக் காணொளி இரவு எட்டு மணிக்குச் செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. இதன் பொருள் என்ன? சுவர் பகலில் மெலிந்து இரவில் தடிக்கவில்லை. டெப் பகலில் புதிதாகி இரவில் பழசாகவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: அந்தக் கோபுரத்தைப் பங்குபோடும் ஆட்களின் தொகை. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள சாதாரண 4ஜி அலைவரிசை ஒன்று கோபுரத்தின் ஒரு முகத்தில் தரக்கூடிய உச்சம், ஆய்வுகூடக் கணக்கில், விநாடிக்கு 150 மெகாபிட் அளவு. நடைமுறையில் அதிலும் வெகு குறைவு. அதை அந்தத் திசையிலுள்ள அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் பகிர வேண்டும். பத்துப் பேருக்குச் சமைத்த சோற்றை நூறு பேருக்குப் பரிமாறிவிட்டு, "உங்கள் கோப்பையைக் கழுவிப் பாருங்கள்" என்று சொல்வது எந்த ஊர் விருந்தோம்பல்?

நெரிசல் நிறுவனங்களுக்குத் தெரியாத இரகசியமுமன்று. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலைவரை மட்டுமே பாவிக்கக்கூடிய "இரவு டேட்டா" பொதிகளை இந்நாட்டில் பல ஆண்டுகளாக விற்றுவந்தவர்கள் இவர்கள்தானே? மாலையில் இடமில்லை, ஊர் உறங்கிய பிறகு வாருங்கள் என்பதே அந்தப் பொதிகளின் உட்பொருள். விற்பனைப் பிரிவுக்குத் தெரிந்த உண்மை முறைப்பாட்டுப் பிரிவுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி?

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கும் கொழும்பு நண்பர்களுக்காகப் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு கைத்தொலைபேசிக்கும் டெப்புக்கும் மாறியது. 2021இல் பொஹிட்டியாவ என்ற மலைக்கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டுப்பாதையில் நடந்து மலைப்பாறையில் ஏறிச் சிக்னல் தேடினார்கள். லுணுகலையில் முப்பது அடி உயர மரக்குடிசையில் ஏறியிருந்து பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். இலங்கையின் 43 இலட்சம் மாணவர்களில் அதிகபட்சம் 40 வீதமானோரே இணைய வகுப்புகளில் பங்குபற்ற முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். உலகச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படங்களை வெளியிட்டன. நாமும் பார்த்து நெகிழ்ந்தோம்; பிள்ளைகளின் விடாமுயற்சியைப் பாராட்டினோம். எனக்கு அந்தப் பாராட்டில் அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. மரத்தில் ஏறிய பிள்ளையைப் புகழ்வதற்குச் செலவில்லை. ஏற வைத்தவர் யார் என்று கேட்டால்தான் செலவு வரும்.

கொள்ளைநோய் போய்விட்டது, இணையத் தேவை போகவில்லை. உயர்தர மாணவர் மேலதிக வகுப்புக்கும், பரீட்சை விண்ணப்பத்துக்கும், பல்கலைக்கழகப் பதிவுக்கும் அதையே நம்பியிருக்கின்றனர். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் தகப்பன்மாரின் முகத்தைப் பிள்ளைகள் காண்பது இரவில்தான், அதாவது கோபுரம் மூச்சுத் திணறும் அதே வேளையில். 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தபோது, யார் எங்கே என்றறிய வழியின்றித் தவித்ததை மறக்காத ஊர் இது. தொடர்பு என்பது இங்கே பொழுதுபோக்கன்று. (கொட்டியாரத்தில் 1660ஆம் ஆண்டு பிடிபட்டு 19 ஆண்டுகள் சிறைக்கைதியாகக் கிடந்த றொபேட் நொக்ஸால் எங்கள் பகுதியின் பெயர் ஐரோப்பாவிலும் பேசப்பட்டது. தொடர்பறுந்த மனிதனால் வந்த புகழ்!)

அரசாங்கங்களோ எப்போதும் மேலே பார்ப்பவை. 2015இல் கூகுளின் லூன் பலூன்கள் இலங்கை முழுவதற்கும் இணையத்தைப் பொழியும் என்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2016இல் ஒரு பலூன் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியதுதான் கண்ட பலன். 2021இல் அந்தத் திட்டத்தையே கூகுளின் தாய்நிறுவனம் மூடிவிட்டது. 2017ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு இலவச டெப் என்றார்கள். நாடு தழுவிய திட்டமாக அது நிறைவேறவேயில்லை. நிறைவேறியிருந்தாலும் டெப் கையிலிருக்கும், வேகம் எங்கிருக்கும்? இப்போது ஸ்டார்லிங்க். 2024இல் உரிமம் பெற்று 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அல்லைக் குளத்து நீர்ப்பாய்ச்சலில் கூலிக்கு வயல் செய்யும் குடும்பத்திடம் போய், கூரையில் செய்மதித் தட்டைப் பூட்டச் சொல்லிப் பாருங்கள்.

திருகோணமலைக்கு வானலை புதிதுமன்று. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் இங்கே அஞ்சல் நிலையமொன்றை அமைத்து, கடல் கடந்து ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பிவந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. இந்த மண்ணிலிருந்து அடுத்த தேசத்து வீட்டுக்குள் அலை போயிற்று. அடுத்த ஊர்க் கோபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் வரத்தான் வழியில்லை.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் ரூபா சரிந்தபோது அவற்றின் இறக்குமதிச் செலவு எகிறியது. அவ்வாண்டு மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது கோபுர மின்கலங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது மின்சாரமும் கம்பிகளும் அறுந்து, தொடர்பு தேவைப்பட்ட வேளையில் பல பிரதேசங்கள் ஊமையாயின. புயலுக்கு யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் புயலில்லாத ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் இதே கதிதானே? கோபுரம் தாங்காதென்றால் புதிய இணைப்பு விற்பதை நிறுத்துங்கள். அல்லது வேகத்தைக் குறைத்துச் சொல்லி, விலையையும் குறைத்து விற்றுவிடுங்கள்.

இங்கேதான் "வரை" என்ற அந்தச் சிறு சொல் வருகிறது. விளம்பரத்தில் ஓர் எண்ணைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எறும்பு எழுத்தில் "வரை" என்று எழுதிவிட்டால் பூச்சியமும் அதற்குள் அடங்கிவிடும். பிரித்தானியாவில் 2018 மே மாதத்திலிருந்து இந்தத் தந்திரம் செல்லாது. மாலை எட்டு மணி முதல் பத்து மணி வரையான நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்கும் வேகத்தையே வீட்டு அகலப்பட்டை விளம்பரத்தில் போட வேண்டும் என அங்கே விதி மாறிற்று. 2019 மார்ச்சிலிருந்து அங்குள்ள ஒழுங்குபடுத்துநரின் கோவையில் கையொப்பமிட்ட நிறுவனங்கள், விற்கும்போதே ஆகக்குறைந்த வேகத்தை உறுதியளிக்க வேண்டும். அது கிடைக்காமல் 30 நாட்களில் திருத்தவும் முடியாவிட்டால் வாடிக்கையாளர் தண்டமின்றி விலகலாம். அவை பெரும்பாலும் கம்பிவழி இணைப்புக்கானவை என்று யாரேனும் வாதிடக்கூடும். சரி, கம்பியில்லா இணைப்புக்கு அயல்வீட்டைப் பாருங்கள்: இந்தியாவில் 2024இல் வந்த சேவைத்தர ஒழுங்குவிதிகள், எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையத்தளத்தில் வெளியிடக் கட்டாயப்படுத்துகின்றன.

இங்கே சட்டமில்லாமல் இல்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தத்தோடு சேர்ந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை உருவாக்கிய காலம் முதல், கட்டணத்திலும் சேவையின் தரத்திலும் பாவனையாளரின் நலனைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்த ஆணைக்குழு ஒரு பகிரங்க அதிகாரசபை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

ஆகவே இனி அழைப்பு நிலையத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஒரு கடதாசியை எடுங்கள். உங்கள் ஒரு வாரக் குறிப்பை, சிக்னல் எண்ணையும் வேகத்தையும் நேரத்தையும் பக்கம் பக்கமாக எழுதி, முறைப்பாடாக நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அடுத்து ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் பிரதேசத்தில் சேவைத்தரம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? இரவு எட்டு மணிக்கு அளக்கப்பட்டதா? பெறுபேறு என்ன? எங்கள் ஊருக்குச் சேவை வழங்கும் ஒவ்வொரு கோபுரத்திலும் எத்தனை வீட்டு இணைப்புகளுக்கு இடமுண்டு, எத்தனை விற்கப்பட்டுள்ளன? கடைசிக் கேள்விக்கு வர்த்தக இரகசியம் என்று பதில் வரக்கூடும். வந்தால் அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், அதற்கெதிராக மேன்முறையீடும் செய்யலாம். விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். எனது விண்ணப்பம் பதிவுத் தபாலில் போய்விட்டது. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்து நண்பர்களும் தத்தம் ஊரின் பெயரைப் போட்டு இதே கேள்விகளை அனுப்பினால், வரும் பதில்களை ஒன்றாக இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.