ஆலைக் கட்டடம் பிழைத்தது. உழைத்தவருக்கு வீடு கிடைக்குமா?

கோலாலம்பூர், செந்தூலின் பழைய ரயில்வே பட்டறை நூறாண்டைக் கடந்தது. ரயில் பெட்டிகளையும் எஞ்சின்களையும் பழுது பார்த்த அந்தப் பட்டறையைச் சுற்றியே தமிழர் குடியிருப்புகளும் கோயில்களும் கடைகளும் வளர்ந்தன. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் அங்கே குண்டு வீசின. தப்பிய கட்டடங்களில் ஒன்று, 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக இயங்குகிறது. அருகில் பூங்காவும் விலை உயர்ந்த கொண்டோமினியங்களும் எழுந்துள்ளன.

கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றியது பாராட்டத்தக்கது. ஆனால், இத்தகைய கட்டடங்களைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்ற முடியாதா என்ற கேள்வி எழுகிறது.

முடியும் என்கிறது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். லோவல், லாரன்ஸ் நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த பஞ்சாலைகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றில் பல இன்று அடுக்குமாடி வீடுகள். அந்த வீடுகளில் ஒரு பகுதி குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் கிடைக்கிறது.

இது மலிவான வேலை அல்ல. ஆஸ்பெஸ்டாஸை அகற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆலைக்கூடம் அகலமானது என்பதால் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. வீட்டுக்கு வீடு குளியலறை, குழாய், தீத்தடுப்புப் படிக்கட்டு எல்லாம் புதிதாக வேண்டும்.

இந்தச் செலவைத் தாங்க அங்கே இரண்டு வரிச்சலுகைகள் உள்ளன. வரலாற்றுக் கட்டடத்தின் தன்மை கெடாமல் சீரமைத்தால், தகுதிபெறும் செலவில் 20 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளலாம். மற்றொன்று 1986-இல் வந்த மலிவு வாடகை வீட்டுச் சலுகை. இதைப் பெறுபவர் பொதுவாக 30 ஆண்டுகளுக்காவது வாடகை வரம்பை மீறக்கூடாது. ஒரே திட்டத்துக்கு இரண்டையும் பெறலாம். அதனால் கட்டடத்துக்கும் பாதுகாப்பு, குடியிருப்பவருக்கும் பாதுகாப்பு.

மலேசியாவில் 2005 தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடத்தைக் காக்கும். உள்ளே யார் வாழ்வது என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு, நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்கும் கட்டத்தில் இருக்கிறது. தீபகற்பத்தின் மாநிலங்களில் அந்த அதிகாரம் மாநில அரசின் கையில். பெரிய வீடமைப்புத் திட்டங்களில் மலிவு வீடுகளுக்குப் பங்கு ஒதுக்கச் சொல்லும் வழக்கமும் ஏற்கெனவே உண்டு.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. தோட்டம் கைமாறியபோது ரப்பர் ஆலையும் புகைக்கூடமும் சேர்ந்தே போயின. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகுதான் பல குடும்பங்கள் மாற்று வீட்டுக்குப் போராடத் தொடங்கின. அப்போது அனுமதி முடிந்து, நிலமும் மேம்பாட்டாளர் கைக்குப் போயிருக்கும்.

எனவே, பழைய ஆலையோ பட்டறையோ மேம்பாட்டுக்கு வரும்போது, குடியிருப்பாளர் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் முதல் நாளே கேட்க வேண்டியவை நான்கு: எத்தனை மலிவு வீடுகள்? என்ன விலை அல்லது வாடகை? எத்தனை ஆண்டுகளுக்கு? அங்கே உழைத்த குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டா? இவற்றுக்கான பதில் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக இடம்பெற வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நம்பினால், செங்கல் சுவர் மட்டுமே மிஞ்சும்.